முழங்காலில் போட்ட திருகும் மூன்று கேள்விகளும்



போன வாரம் துபாயிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கபடி ஆடி முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "சார், மெட்டல் ஸ்க்ரூ ஒரு விலை, கரையுற ஸ்க்ரூ ஒரு விலைங்கிறாங்க. எது சார் நல்லது?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் இல்லை. ஆசிரியப் பயிற்சி டிப்ளமோ முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். "உன் டாக்டரிடம் கேள் தம்பி" என்றுதான் சொன்னேன். ஆனால் "எது நல்லது" என்பதை இந்த உலகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒரு வாரமாகத் தேடிப் படித்தேன். அதில் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. பதிவு நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகின்றன. முன்னால் இருப்பதை மருத்துவர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவிவிடாமல் பிடித்து வைப்பதும், திரும்பும்போது மூட்டு பிசகாமல் காப்பதும் அதன் வேலை. கபடியில் பாடிப் போனவன் சட்டென்று திரும்புவான். பாதம் மண்ணில் ஊன்றியிருக்கும், உடம்பு மட்டும் திரும்பும், அதே நேரம் ஒருவன் காலைப் பிடிப்பான். டப் என்று சத்தம் கேட்டது என்று பலரும் சொல்வார்கள். கிழிந்த இந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. நேராக நடக்க முடியும். திரும்பினால் கால் நழுவும்.

அதனால் உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் கோத்து, புது ஜவ்வாக வைக்கிறார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாணை இருபுறமும் எலும்புத் துண்டோடு எடுப்பது ஒரு முறை. தொடைக்குப் பின்னால் உள்ள நாணை எடுப்பது இன்னொரு முறை. கோத்தது நழுவாமல் இருக்க, துளைச் சுவருக்கும் நாணுக்கும் நடுவே ஒரு திருகை முடுக்கி நெருக்கிவிடுகிறார்கள். ஸ்க்ரூ என்பது அதுதான்.

நம் ஊர்க் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கோரையால் கட்டுகிறோம். கட்டு தளர்ந்தால் கொடி சாயும். ரொம்ப இறுக்கினால் தண்டு அறுபடும். கொடி தானே வேர் விட்டு அகத்தியைப் பிடித்துக்கொண்ட பிறகு கட்டுக்கு வேலை இல்லை. திருகும் அப்படித்தான். எலும்புத் துண்டோடு வைத்த நாண் துளைக்குள் பிடிக்கச் சுமார் 6 வாரம் ஆகும். எலும்பில்லாத நாண் பிடிக்க 8 முதல் 12 வாரம். அதுவரை தாங்குவதுதான் திருகின் கடமை.

இப்போது சரித்திரத்துக்கு வருவோம்.

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவரிடம் 41 வயது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வந்தார். முழங்காலுக்குள் இரண்டு குறுக்கு ஜவ்வுகளும் அறுந்திருந்தன. ராப்சன் அவற்றைத் தையல் போட்டு இணைத்தார். இதில் எனக்குப் பிடித்த செய்தி தையல் அல்ல. 6 வருடம் கழித்து அவர் அந்தத் தொழிலாளியை விசாரித்திருக்கிறார். கால் பலமாக இருக்கிறது, சுரங்க வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு, 1903இல்தான் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

1917இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்பக்கத்துப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துப் புது ஜவ்வு செய்தார். இன்றைய முறைக்கு அவரே முன்னோடி. 1918இல் டோக்கியோவில் டகாகி என்ற பேராசிரியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். இன்று துளை வழியாகச் செய்கிற ஆர்த்ராஸ்கோப்பி அங்கிருந்து வளர்ந்தது.

திருகு வந்தது ரொம்பப் பிந்தி. 1983இல் அமெரிக்காவின் கென்னத் லாம்பர்ட், எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிற 6.5 மில்லிமீட்டர் திருகையே எடுத்து, நாணோடு வந்த எலும்புத் துண்டைத் துளைக்குள் நெருக்கிப் பிடிக்க வைத்தார். 1987இல் குரோசாகா என்ற ஜப்பானிய மருத்துவரும் அவருடைய குழுவும், இறந்தவர்களின் முழங்கால்களில் பல விதமான பிடிப்புகளை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆன புதிதில் முதலில் விட்டுக்கொடுப்பது நாண் அல்ல, அதைப் பிடித்திருக்கும் இடம்தான் என்று தெரிந்தது. அவர்கள் தனியாகச் செய்த 9 மில்லிமீட்டர் திருகு மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியது. அதிலிருந்து திருகு உலகெங்கும் பரவியது.

மேசைமேல் வைத்து இழுத்துப் பார்த்தது சரி. மனிதன் காலில் அது நன்றாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் மூன்று கேள்விகள் வருகின்றன. எப்போது கேட்டாய்? யாரைக் கேட்டாய்? என்ன கேட்டாய்?

இந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்று சொன்னதற்காகவே வேலையை இழந்த ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் காட்மன். ஆபரேஷன் செய்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட வேண்டும், ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும், சரியாக இல்லையென்றால் ஏன் என்று கண்டுபிடித்து வெளியே சொல்ல வேண்டும் என்றார் அவர். கேட்க எளிமையாக இருக்கிறது. நல்ல ஆசிரியர் ரிசல்ட் வந்த பிறகு செய்கிற காரியம்தான். ஆனால் பெரிய மருத்துவமனை ஒத்துக்கொள்ளவில்லை. 1914இல் அவர் அங்கிருந்து விலகினார். தான் நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடிந்து போன 337 பேரின் கணக்கை எடுத்து, அதில் நடந்த 123 பிழைகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். 1940இல் காலமானபோது அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. 2014இல்தான் மருத்துவ உலகம் அங்கே கல் நட்டது.

எப்போது கேட்டாய் என்ற முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டேண்டி ஆர்த்ராஸ்கோப்பி வழியாக ஏ.சி.எல்.லை மாற்றினார். அப்போது வைத்தது கார்பன் நூலால் ஆன செயற்கை ஜவ்வு. அந்தப் பத்தாண்டில் மழைக்கோட்டுத் துணி செய்கிற கோர்டெக்ஸ் பொருளில்கூடச் செயற்கை ஜவ்வு வந்தது. சொந்த உடம்பிலிருந்து நாண் எடுக்க வேண்டாம், சீக்கிரம் நடக்கலாம். தொடக்கத்தில் வந்த முடிவுகள் நன்றாகவே இருந்தன, எல்லோருக்கும் சந்தோஷம். சில வருடம் போனதும் கதை மாறியது. கார்பன் துகள் மூட்டுக்குள் உதிர்ந்தது. கோர்டெக்ஸ் ஜவ்வு தளர்ந்தது, அறுந்தது, முழங்காலில் நீர் கோத்து வீங்கியது. அந்த ஜவ்வுகளைக் கைவிட்டார்கள். ஆறு மாதத்தில் தேர்வு வைத்துவிட்டு நிறுத்தியிருந்தால் அவை பாஸ் என்றே இருந்திருக்கும். தொடர்ந்து கூப்பிட்டுப் பார்த்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

யாரைக் கேட்டாய் என்பது அடுத்தது. என் மாணவர் கேட்ட கேள்வியையே 2016இல் பிரேசில் மருத்துவர்கள் சிலர் எடுத்துக்கொண்டார்கள். மெட்டல் திருகா, கரையும் திருகா என்று ஒப்பிட்ட 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மெட்டல் என்பது பெரும்பாலும் டைட்டானியம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடத்தில் படம் கலங்கும், மறு ஆபரேஷன் வந்தால் எடுக்க வேண்டியிருக்கும். கரையும் திருகு மெல்லக் கரைந்து போகும் ஒருவகைப் பிளாஸ்டிக். ஆனால் முடுக்கும்போதே உடைவதும், துளை அகலமாவதும், வீக்கமும் அதில் வருவதுண்டு. தொகுத்துப் பார்த்ததில் கால் எப்படி வேலை செய்கிறது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திருகு உடைவது போன்ற தோல்விகள் கரையும் திருகில் கூடுதலாகக் காணப்பட்டன.

ஒரு கணக்கு ஆசிரியரைப் போல இன்னொரு எண்ணைக் கவனியுங்கள். அந்த 12 ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் 944 பேர். பின்னால் முடிவு தெரிந்தவர்கள் 774 பேர். மீதி 170 பேர் எங்கே? நன்றாக இருந்ததால் வரவில்லையா, மோசமாக இருந்ததால் வேறு மருத்துவரிடம் போனார்களா, ஊர் மாறிப் போனார்களா? அந்த 170 பேரின் கால்கள் என்ன சொல்லியிருக்கும் என்பது கணக்கில் வராமலே போயிற்று. நூற்றுக்கு 18 பேர் பரீட்சைக்கு வராத வகுப்பின் தேர்ச்சி விகிதத்தை நாம் எப்படிப் பார்ப்போம்?

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் மாநிலத்தில் எலும்பு மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் படிப்பவர்கள் ஆய்வேடு எழுத வேண்டும். 1988 முதல் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏ.சி.எல். பற்றிய ஆய்வேடுகள் பல இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. நமக்குப் பக்கத்தில் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, கொள்ளுமேடு பக்கத்து ஆட்கள் கால் உடைந்தாலும் கை உடைந்தாலும் சிதம்பரம்தான் போகிறோம். அப்படிப்பட்ட இடங்களில் சில பத்துப் பேரை வைத்துத்தான் ஓர் இளம் மருத்துவர் ஆய்வு செய்வார். அதில் நாலு பேர் தையல் பிரித்ததும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டால், அந்த ஆய்வின் முடிவே சாய்ந்துவிடும். நம் ஊரில் விமானம் ஏறாத வீடு எத்தனை?

மூன்றாவது கேள்வி, என்ன கேட்டாய். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இது கேள்வித்தாள் சமாச்சாரம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மார்க் போட உலகெங்கும் பயன்படும் ஒரு தாள் லைஸ்ஹோம் மதிப்பெண். 1982இல் ஸ்வீடன் நாட்டில் உருவாக்கி, 1985இல் திருத்தினார்கள். மொத்தம் 8 கேள்வி, 100 மார்க். நொண்டுகிறாயா, 5. கைத்தடி வேண்டுமா, 5. மூட்டு சிக்கிக்கொள்கிறதா, 15. கால் நழுவுகிறதா, 25. வலி, 25. வீக்கம், 10. படி ஏறுவது, 10. குத்துக்காலிட்டு உட்காருவது, 5. மொத்தத்தில் 95 முதல் 100 வரை வாங்கினால் மிக நன்று. 84 முதல் 94 வரை நன்று. 65க்குக் கீழே மோசம்.

நல்ல தாள்தான். எக்ஸ்ரேயை விட்டுவிட்டு மனிதனிடம் பேசுகிறது. ஆனால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். குத்துக்காலிட்டு உட்காரவே முடியாத ஒருவர் அந்த 5 மார்க்கை முழுதாக இழந்தாலும், மற்றதில் எல்லாம் வாங்கினால் 95. அதாவது மிக நன்று! ஸ்வீடனில் நாற்காலியில் உட்கார்ந்து, மேலைநாட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊரில் நாற்று நடுகிற அம்மாவுக்கு? கொடிக்காலில் குனிந்து உட்கார்ந்து வெற்றிலை அடுக்குகிறவருக்கு? வீட்டில் பழைய கழிப்பறை உள்ளவருக்கு? தொழுகையில் மண்டியிட்டு அமர வேண்டியவருக்கு? பந்தியில் சம்மணம் போட வேண்டியவருக்கு? அவருடைய நாளில் பாதி அந்த 5 மார்க்குக்குள் இருக்கிறது.

கேள்வித்தாள் எடுத்தவன் எங்கே வாழ்கிறானோ அவன் வாழ்க்கைதான் தாளில் இருக்கும். இதைப் பிறகு மருத்துவர்களே ஓரளவு சரிசெய்தார்கள். 2001இல் வெளியான ஐ.கே.டி.சி. என்ற படிவத்தில் மண்டியிடுவது, குத்துக்காலிடுவது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் தனித்தனிக் கேள்விகள். அப்படியும், உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் "என்னால் தரையில் உட்கார முடியவில்லை" என்று நீங்களாகவே வாய் திறந்து சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் நம் மண்ணில், புத்தகத்தில் எழுதாமல் கேட்ட ஒருவர் உண்டு. பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தினார். உடம்பின் ஓரிடத்து நாணை இன்னோரிடத்தில் வைக்கிற வகையில் முழங்கால் ஆபரேஷனுக்கு அது உறவு. ஆபரேஷன் ஜெயித்தது. ஆனால் குணமானவர்களின் விரல்கள் மறுபடி காயப்பட்டுக் குறைந்துகொண்டே போயின. மற்றவர்களாக இருந்தால் நோய் அப்படித்தான் என்று விட்டிருப்பார்கள். அவர் நோயாளிகளைத் தன் கண்பார்வையில் குடியமர்த்தி, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், கைப்பிடி இல்லாத கருவி, இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். இரவில் தூங்கும்போது விரல் காணாமல் போவதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. ஒருவர் விழித்திருந்து பார்த்தார். எலி! வலி தெரியாத விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளியின் கையில் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். ஆபரேஷனின் வெற்றியைக் காப்பாற்றியது ஒரு பூனை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை, முழங்கால் ஜவ்வுக்காக ஆர்த்ராஸ்கோப்பி செய்துகொண்டார். அதற்குப் பின் காலைச் சுற்றிப் போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததில் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. வேறு மருத்துவமனையில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 15இல் அந்தப் பிள்ளை இறந்துபோனது. மருத்துவர்களின் கவனக்குறைவு என்று சுகாதாரத்துறை அமைச்சரே சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளோடு வாழ்நாள் முழுக்க இருந்தவன் நான். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆபரேஷன் மேசையில் என்ன நடந்தது என்பதோடு முடிவு முடிந்துவிடுவதில்லை. மறுநாள் காலை அந்தக் காலை யார் வந்து பார்த்தார்கள், விரல் மரத்துப் போகிறது என்று பிள்ளை சொன்னதை யார் காதில் வாங்கினார்கள் என்பதும் முடிவுதான்.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு நான் படித்த வரையில் பதில் இது. மெட்டலா கரைவதா என்பதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. விலை அதிகம் என்பதற்காக அது உசத்தி என்று நினைக்காதே. உன் எலும்புக்கும் நாணுக்கும் எது பொருந்தும் என்பதை உன் மருத்துவர் சொல்லட்டும். நீ கேட்க வேண்டியதைக் கேள். "நீங்கள் செய்த ஆட்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருக்கிறார்கள்? என்னை எப்போதெல்லாம் பார்ப்பீர்கள்?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்ட காலில் விரல் நீலமானாலோ, ஜில்லென்று ஆனாலோ, மரத்துப் போனாலோ, மருந்துக்கு அடங்காமல் வலி ஏறினாலோ, நடுராத்திரி ஆனாலும் ஆளைக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வலி இல்லை என்பதால் கபடிக் களத்தில் இறங்காதீர்கள். 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களுக்கு மீண்டும் முழங்கால் காயம் படுவது அதிகம். திருகு பிடித்துக்கொண்டிருக்கும், புது ஜவ்வு இன்னும் பழுத்திருக்காது.

மருத்துவர் தருகிற உடற்பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். ஆபரேஷனில் ஒரு பாதிதான் அவர் கையில். மறுபாதி உங்கள் தொடைத் தசையில்.

ஆபரேஷன் தேதி, எந்த நாண், எந்தத் திருகு, என்ன அளவு என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு நாட்டில் வேறொரு மருத்துவர் கேட்பார்.

கடைசியாக, கூப்பிட்ட தேதிக்குப் போங்கள். நன்றாக இருக்கிறதே, எதற்குச் சிதம்பரம் வரை பஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்று தோன்றும். நியாயம்தான். வெளிநாட்டில் இருந்தால் போனிலாவது, வாட்ஸ்அப்பிலாவது பதில் சொல்லுங்கள். லீட்ஸ் நகரத்துச் சுரங்கத் தொழிலாளி 6 வருடம் கழித்துச் சொன்ன ஒரு பதில்தான் இந்தச் சரித்திரத்தின் முதல் பக்கம். நீங்கள் சொல்கிற பதில், அடுத்து அதே மேசையில் படுக்கப் போகிற ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எத்தனை வருடம் ஆயிற்று, இப்போது தரையில் உட்கார முடிகிறதா என்று கீழே எழுதுங்கள். மார்க் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

எல்லோரும் நல்ல காலோடு நடமாட வேண்டும்.

உங்கள் பழைய ஆசிரியர்,
லால்பேட்டை.